எட்டு மணிப் பால்

எங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளியில் பதினெட்டு வருஷம் உயிரியல் நடத்திய அப்பாண்டைராஜன் ஒரு தவளையைக்கூட அறுத்தவர் இல்லை. அவர் சமணர். செஞ்சியைச் சுற்றி எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் இருப்பதுபோல நயினார் என்று அழைக்கப்படும் சமணக் குடும்பங்களும் உண்டு. நாங்கள் வைக்கும் நெல்லையும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையையும்தான் அவர்களும் பயிர் வைக்கிறார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகும் என்பது அதற்குக் காரணம். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். துணியில் தங்கியதை எடுத்த கிணற்றிலேயே திரும்ப அலசி விடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் கதையைக் கேட்டால் பாதிதான் விளங்கும்.

நான் அவருக்கு உறவில்லை. அவரிடம் படித்தவளும் இல்லை. நர்ஸ் பயிற்சி முடித்துவிட்டுச் செஞ்சியில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் வேலை பார்த்தேன். டாக்டர் இராமச்சந்திரன் வாரத்தில் மூன்று நாள் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற நாட்களில் நானும் ஊசிப்பெட்டியும்தான். பிள்ளைகளுக்கு அம்மை குத்துவதற்காக வருஷத்தில் இரண்டு தடவை பள்ளிக்கூடம் போவேன். அவர் பாடம் நடத்துவதை அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

கரும்பலகையில் கலர் சாக்பீசால் ஒரு தவளையை மல்லாக்கப் போட்டு வரைந்திருப்பார். பிறகு ஈரத்துணியால் வயிற்றுத் தோலை மட்டும் துடைப்பார். துடைத்த இடத்தில் தசையை வரைவார். அதைத் துடைத்துவிட்டு ஈரலும் குடலும் இதயமும். ஒரு மணி நேரத்தில் தவளை முழுக்கத் திறந்து கிடக்கும். அதற்குள் அவர் வேட்டியில் ஏழு கலர் ஏறியிருக்கும்.

ஆய்வுக்கூடத்துப் பியூன் பொன்னுசாமிக்கு இது பொறுக்காது. வாசலில் நின்றபடியே சொல்வான்.

“சார், ஏரியில தவள கத்துற கத்துல ஊரு தூங்கல. ஒண்ணு புடிச்சாந்தா அஞ்சு நிமிஷத்து வேல. நீங்க இன்னாடான்னா சாக்பீஸக் கரைக்கிறீங்க.”

“சாக்பீஸ் கரைஞ்சா வேற வாங்கலாம் பொன்னுசாமி.”

“தவள மட்டும் இன்னா சார், ஒரு மழ பேஞ்சா ஊரெல்லாம் அதான்!”

வகுப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்ததும் துணியை நனைத்துக்கொண்டு அடுத்த அடுக்குக்குப் போய்விடுவார். ஒருமுறை மேலதிகாரி ஒருவர் வந்து, நிஜத் தவளையை அறுத்துக் காட்டாதது ஏன் என்று கேட்டாராம். “என் பசங்க எவனாவது பரீட்சையில தவளைக் கேள்விக்குத் தப்பா எழுதட்டும் சார், அன்னிக்கு அறுக்கிறேன்” என்றாராம். பொன்னுசாமி சொன்னது. எவனும் தப்பாக எழுதவில்லை என்பதையும் அவனேதான் சொன்னான், கொஞ்சம் வருத்தத்தோடு.

அவருடைய மகன் ஜினேந்திரனுக்கு நெய்வேலியில் வேலை. மருமகள் பிரசவத்தில் போய்விட்டாள். மகன் மறுமணம் செய்துகொண்டு அங்கேயே இருந்தான். பிள்ளை நீலாஞ்சனா இங்கே தாத்தாவிடமும் ஆயா மருதேவியிடமும் வளர்ந்தது. மருதேவி நோன்பும் பூசையுமாக இருப்பவர், வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னுவது முதல் எல்லாம் தாத்தா வேலைதான். பின்னல் ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கும். தெருவில் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மறுநாளும் அப்படியேதான் பின்னுவார். ஐந்து வயதில் அவள் பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். கோட்டைப் பக்கம் போனால் இருவரும் பாம்புச் சட்டை, உதிர்ந்த இறகு, தானாகச் செத்த பொன்வண்டு என்று பொறுக்கிக்கொண்டு வருவார்கள். மருந்து கொடுத்துப் பழகிய எனக்கு இதெல்லாம் வேலையற்ற வேலையாகத் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை சிரிப்பதை அங்கேதான் பார்க்க வேண்டும்.

1964 ஜூன். நீலாஞ்சனாவுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலை ஏழு மணிக்கு நான் சிரிஞ்சுகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்தார். கைக்குட்டையில் எதையோ சுற்றிப் பிடித்திருந்தார். பிரித்தார். ஒரு சோதனைக் குழாய்.

“நர்சம்மா, இது இன்னா கலரு?”

“செங்கல் கலரு. யாரு மூத்திரம் சார் இது?”

“நீலாவுது.”

மூத்திரத்தில் சர்க்கரை இருந்தால், அதோடு சேர்த்துச் சூடாக்கும் நீலக் கரைசல் சிவக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, நிறைய இருந்தால் செங்கல். பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள், எலும்பாகிவிட்டாள் என்றார். “வெயிலுன்னு நெனச்சோம். நாலு நாளா குளிக்கிற எடத்துல எறும்பு மொய்க்குது. அதுங்க ஒதுங்கிப் போகட்டும்னு காத்திருந்து காத்திருந்து தண்ணி ஊத்தினேன். எதுக்கு வருதுன்னு யோசிக்கல. ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறேன், நாலு நாளு யோசிக்கல.”

“அதை அப்புறம் யோசிங்க. பாண்டிக்குப் போவணும். எட்டரைக்குத் திண்டிவனம் பஸ்ஸு. பிள்ளைய மட்டும் தூக்கிக்கினு வாங்க, துணிமணியெல்லாம் பொன்னுசாமி கொண்டாரட்டும்.”

நானும் கூடப் போனேன். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி என்று எழுதிக் கொடுத்தார்கள். உயிர் உள்ளவரை. நாள் தவறினால் பிள்ளை இருக்காது. ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஒரு டம்ளர் பால். ஊசி சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும், வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குறைத்து ஆளையே சாய்த்துவிடும் என்பதால் அந்தப் பால். சாப்பாட்டுச் சீட்டில் முட்டையும் ஆட்டுக்கால் சூப்பும் இருந்தன. அவர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பாசிப்பயறு, மல்லாட்டை என்று பக்கத்தில் எழுதி டாக்டர் இராமச்சந்திரனிடம் நீட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, “மார்க்கு போடலியா சார்?” என்றார்.

ஊசி போட நான்தான் கற்றுக்கொடுத்தேன். முதலில் கத்தரிக்காயில் குத்தச் சொன்னேன். பத்துக் கத்தரிக்காய் வீணான பிறகு கையை நீட்டி, “பிள்ளைக்குப் போடுறதுக்கு முன்னாடி எனக்குப் போடுங்க, எப்படி வலிக்குதுன்னு தெரியணும்” என்றார். காய்ச்சிய தண்ணீரை ஏற்றினேன். முகத்தைச் சுளிக்காமல், “இது பரவாயில்ல, மருதேவி திட்டுறதவிடக் கம்மிதான்” என்றார். பிறகு தன் தொடையில் தானே நாலு தடவை குத்திப் பார்த்தார். எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இந்த அளவுக்கு மெனக்கெட்டவர் வேறு யாரும் இல்லை. இன்சுலின் குப்பியைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் ஐஸ்பெட்டி ஏது? ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் ஒரு குட்டிப் பானையை இறக்கி அதற்குள் வைத்தார்.

அன்று குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எழுத்தைப் படித்தவர் மெதுவாகச் சொன்னார்.

“இது மாட்டுக் கணையத்துலருந்து எடுக்கிறது. அறுத்த மாடு. நானே பாடம் நடத்தியிருக்கேன்.”

“தெரியும் சார்.”

“ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு எத்தனை மாடுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.”

“எத்தனை?”

“அதைச் சொல்ல மாட்டேன். வீட்டுல இது தெரியாது.”

“தெரிய வேணாம். மருந்து மருந்துதான். சொல்லி இன்னா ஆவப்போவுது?” என்றேன்.

அப்படிச் சொன்னது தப்பு. அது ஏழு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பிள்ளை தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. திங்கட்கிழமைதோறும் அவர் டிஸ்பென்சரிக்கு வந்து சோதனை எழுதிய நோட்டைக் காட்டுவார். காலை பச்சை, மாலை நீலம் என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருப்பார். “எல்லாம் சரிதானே சார்?” என்பேன். “எல்லாம் சரி நர்சம்மா” என்பார். நானும் நோட்டைப் பார்ப்பேன், தலையை ஆட்டுவேன், அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். எட்டு மணிப் பாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. படித்த மனிதர், எழுதிக் கொடுத்ததைச் செய்வார் என்று விட்டுவிட்டேன். நயினார் வீட்டில் எட்டு மணிக்கு யார் வாய் திறந்து எதைக் குடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவர்கள் பக்கத்தில் வாழ்ந்தவள் நான். தோன்றவில்லை.

அவர் செய்தது இது. மாலை ஊசியை ஐந்து மணிக்கே போட்டுவிட்டு ஐந்தரைக்குச் சோறும் பாலும் கொடுத்துவிடுவார். அதன் பிறகு காலை வரை ஒன்றுமில்லை. ஆனி ஆடியில் பொழுது நீளமாக இருந்ததால் தப்பித்தது. மார்கழியில் பகல் சுருங்கச் சுருங்கச் சாப்பாடும் முன்னே முன்னே போனது. இரவு நீண்டது.

1965 காணும் பொங்கல். அன்றைக்கு ஊரே கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போகும். நீலாஞ்சனாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் உச்சி வரை ஏறி இறங்கியிருக்கிறாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. உடம்பு அலைந்தால் சர்க்கரை இன்னும் இறங்கும். மாலையில் வழக்கம்போல ஊசி, சாப்பாடு, தூக்கம்.

விடிவதற்கு முன் அவள் எழுந்து தாத்தாவைத் தொட்டு எழுப்பியிருக்கிறாள்.

“தாத்தா, பசிக்குது.”

“இன்னும் இருட்டா இருக்குது கண்ணு. கொஞ்சம் பொறு. இதோ வெளுத்துடும்.”

அவள் உடம்பு நனைந்திருந்தது. கை நடுங்கியது. பனியில் எப்படி வேர்க்கிறது என்று அவருக்கு உறைக்கவில்லை. அவர் போய்க் கதவைத் திறந்து கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார், வெளுத்தவுடன் கொடுத்துவிடலாம் என்று. மருதேவி பாலைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டு அவரும் காத்திருந்திருக்கிறார். அடுப்பில் பால் இருந்தது. வீட்டில் சர்க்கரை இருந்தது. வெல்லம் இருந்தது. மூன்று பேரும் சூரியனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பிள்ளை ஏதேதோ உளறினாள். பிறகு கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது.

அவர் என் வீட்டுக்கு ஓடி வந்தார். செருப்பில்லை, மேல்துண்டு இல்லை. எறும்பு மிதிபடக்கூடாது என்று எப்போதும் குனிந்தே நடக்கிற மனிதர் அன்று தரையைப் பார்க்கவே இல்லை. “நீலா” என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதும். டிஸ்பென்சரியைத் திறந்து குளுக்கோஸ் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிள்ளையின் கையைப் பிடித்து நரம்பைத் தேடினால் அகப்படவில்லை. இரண்டாவது குத்தில் அகப்பட்டது. மெல்ல மெல்ல ஏற்றினேன். பாதி போகும்போதே இழுப்பு நின்றது. முழுவதும் போன பிறகு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருநூற்றுப் பத்து எண்ணியபோது கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

“ஏன் ஆயா எல்லாரும் நிக்கிறீங்க? பசிக்குதுன்னு சொன்னேன் இல்ல.”

மருதேவி பாலை எடுத்து வந்தார். சர்க்கரை போட்டு நானே புகட்டினேன். பிறகு இட்லி தின்றாள். அவள் தின்று முடிக்கும்வரை காத்திருந்தேன். முடிந்ததும் நான் ஆரம்பித்தேன்.

“சார், எட்டு மணிப் பால் குடுக்கிறீங்களா இல்லியா?”

மருதேவிதான் சொன்னார்.

“ராவுல எப்படிம்மா குடுக்கிறது? எங்க வீட்டுல வழக்கம் கிடையாது. ஒனக்குத் தெரியாததா? பால்குடிப் புள்ளைக்குக் குடுப்போம், இவளுக்கு எட்டு வயசு ஆவுது.”

“எட்டு வயசோட நின்னுடும், பரவாயில்லியா?” என்றேன். கடுமையாகத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் மெதுவாகச் சொன்னால் ஏறாது. “சார், இந்தம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஊசி எப்படி வேல செய்யுது, எதுக்கு அந்தப் பாலுன்னு கத்தரிக்காய வச்சிக்கினு எனக்கே பாடம் நடத்தினீங்களே!”

அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துச் சொன்னார்.

“மருதேவி, அந்த ஊசி மருந்து மாட்டுலருந்து வருது. அறுத்த மாட்டு வயித்துக்குள்ளருந்து. மொத நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போடுறேன், தெனமும் ரெண்டு வேள. அதைப் பண்ணிட்டோமே, இந்த ஒண்ணையாவது விடாம இருப்போம்னு நெனச்சேன். ராத்திரி சாப்பாட்டையாவது.”

நான் மருதேவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குப்பியை எடுத்துத் தெருவில் எறிந்துவிடுவாரோ என்று பயம். ஈரமணல் சட்டி அந்த மூலையில்தான் இருந்தது. அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்குகிற சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

“அமலோற்பவம், அந்த மருந்து இல்லேன்னா?” என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“இல்லேன்னா இல்லம்மா. ரெண்டு வாரம், மூணு வாரம்.”

“வேற எதுலருந்தும் எடுக்க முடியாதா? செடி கொடி?”

“பன்னியிலருந்து எடுக்கிறாங்க.”

“செவனேன்னு இரு.” பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “ஏழு மாசமாத் தெரியுமா ஒங்களுக்கு?”

“ம்.”

“ஏழு மாசமா தனியா இதை வச்சிக்கினு, எங்கூடக் கோயிலுக்கு வந்து, எங்கூட நோம்பு இருந்து, ஒரு வார்த்த சொல்லல. எங்கிட்ட சொன்னா புள்ளைக்குப் போட வேணாம்னா சொல்லியிருப்பேன்? என்ன இன்னான்னு நெனச்சிங்க நீங்க?”

“பாவம் உனக்கும் எதுக்குன்னு...”

“எனக்கு வரட்டும். புள்ளைக்கு வேணாம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ பாவத்தையும் நான் வாங்கிக்கிறேன்.”

“கர்மத்தை அப்படியெல்லாம் மாத்தி வாங்க முடியாது மருதேவி. அவங்கவங்க செய்யிறது அவங்கவங்களுக்குத்தான்.”

“அது எனக்கும் தெரியும். நீங்க பாடம் நடத்தாதீங்க. இன்னிலருந்து எட்டு மணிப் பாலு நான் குடுப்பேன். ஒங்ககிட்ட உட்டா கெழக்கப் பார்த்துக்கினு நிப்பீங்க.”

நீலாஞ்சனா சிரித்துவிட்டாள். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. இதை எழுதும்போது அவளிடம் கேட்டேன். இட்லி நினைவிருக்கிறது, ஆயா தாத்தாவைத் திட்டியது நினைவிருக்கிறது, மற்றது இல்லை என்கிறாள்.

டாக்டர் மாலை ஊசியின் அளவைக் குறைத்தார். கையெட்டும் தூரத்தில் ஒரு டப்பியில் கற்கண்டும் ரொட்டியும் இருக்க வேண்டும், உடம்பு நடுங்கினால் யாரையும் கேட்காமல் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைக்கு நான் சொன்னேன். சத்தியம் வாங்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னேன், மூன்று தடவை.

இரவுப் பாலுக்கு அப்பாண்டைராஜன் ஒரு வழி செய்தார். இரவில் சாப்பிடக் கூடாது என்பது எதற்காக? பூச்சிக்காக. பூச்சி எதற்கு வருகிறது? விளக்குக்கு. அப்படியானால் விளக்கே வேண்டாம். பொழுதோடு பாலைக் காய்ச்சி, வடிகட்டி, டம்ளரில் ஊற்றி, துணியால் வாய் கட்டி வைத்துவிடுவார்கள். எட்டு மணிக்குக் கொசுவலைக்குள் ஆயாவும் பேத்தியும் போய்விடுவார்கள். அவர் வெளியே நின்று வலையின் ஓரத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வார். இருட்டில் பிள்ளை குடிப்பாள்.

நான் ஒருநாள் பார்க்கப் போனேன். பார்க்க என்ன இருக்கிறது, ஒரே இருட்டு.

“இருட்டுல குடிச்சாளா, கொட்டினாளான்னு எப்படி சார் தெரியும்?”

“மொடக்கு சத்தத்தை எண்ணுறேன். பதினாலு மொடக்கு” என்றார் இருட்டுக்குள்ளிருந்து.

“இன்னிக்குப் பன்னெண்டுதான் தாத்தா.”

“அப்ப இன்னும் ரெண்டு இருக்குது. குடி.”

அவர் வழக்கத்தை விட்டுவிடவில்லை. கடைசிவரை பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர்கூடத் தொடவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். அதில் வெட்கமும் படவில்லை. நயினார்களில் சிலர் வீட்டுக்கு வந்து ஜாடையாகப் பேசியபோது, “எங்க வீட்டு மருந்து மாட்டுலருந்து வருது, எட்டு மணிக்குப் பாலு குடுக்கிறோம். வேற இன்னா தெரியணும்?” என்று மருதேவியே வாசலில் நின்று சொல்லிவிட்டார். வந்தவர்கள் மல்லாட்டை விலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெற்றார். பிறகு அவருக்கு முழுநேர வேலையே பேத்திதான். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குச் சைக்கிளோடு வேப்பமரத்தடியில் நிற்பார். பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் போகமாட்டார். புதிதாக வந்த வாத்தியார் தவளை அறுக்கிறார் என்று பொன்னுசாமி சொல்லியிருந்தான். பத்து வயதில் அவளுக்கே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார். எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். “நான் எத்தனை நாளைக்கு வலையப் புடிச்சிக்கினு நிப்பேன் நர்சம்மா?” என்றார். அவருக்கு நெஞ்சுவலி அப்போதே இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. மறைப்பதில் கெட்டிக்காரர் என்று எனக்குத்தான் முன்பே தெரியுமே, நானாவது நாடி பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

1969 ஆவணியில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோதே கிணற்றடியில் சாய்ந்துவிட்டார். நான் போனபோது செய்வதற்கு ஒன்றுமில்லை. கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கைகாலை நேராக்கிவிட்டேன். பொன்னுசாமி என்னைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினான். நெய்வேலியில் இருக்கும் மகனுக்குத் தந்தி கொடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அதற்குள் தெருவே வந்து கூடிவிட்டது. பழைய மாணவர்கள், மருதேவியின் தம்பி வீட்டார், நயினார் பெண்கள். நெல்லில் சாணி உருண்டை வைக்கிற சடங்கு, மாலை, பாடை என்று ஆளுக்கொரு பக்கம் வேலை. எனக்கும் வேலை இருந்தது. நீலாஞ்சனா எங்கே என்று நான் பார்க்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குக் காலை ஊசி உண்டு என்பதை, நர்ஸாக இருந்தும், மறந்தே போனேன். அந்த வீட்டில் அவ்வளவு பேர் இருந்தோம், ஒருவருக்கும் நினைவில்லை.

பின்கட்டில் காத்தாயியின் குரல் கேட்டது. எதிர் வீட்டுக்காரி. “நல்ல கூத்து! பொணம் இன்னும் எடுக்கல, பேத்தி இட்லி துன்றா. அடுப்பு மூட்டாத வீட்டுல இட்லி எங்கேருந்து வந்துச்சி?”

“ஓட்டல்லருந்து நான்தான் வாங்கியாந்தேன்” என்றான் பொன்னுசாமி. “மொதலாளி இன்னா சொல்லிட்டுப் போனாரோ அதைச் செய்யிறேன். நீ ஒன் வேலயப் பாரு.” நேரில் சார் என்றாலும் மற்றவர்களிடம் அவன் அவரை முதலாளி என்றுதான் சொல்வான், ஓய்வு பெற்ற பிறகும்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். சாணம் மெழுகிய தரையில் நீலாஞ்சனா இலையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துடைத்து வைத்த சிரிஞ்சு. மூன்று இட்லி தின்றிருந்தாள். நாலாவது கையில் இருந்தது.

“போட்டுக்கினியா?”

“ஏழு மணிக்குப் போட்டுக்கினேன். அரை மணி ஆவுதுன்னு பொன்னுசாமி அண்ணன்தான் ஞாபகப்படுத்துச்சு. தாத்தா போன வாரமே எங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லிட்டாரு.”

“இன்னா சொன்னாரு?”

“நான் சாவுற அன்னிக்கு எல்லாரும் ஒன்ன மறந்துடுவாங்க, ஆயாவும் மறந்துடும், நர்சம்மாவும் மறந்துடுவாங்க, நீ மறக்காதன்னாரு.”

காத்தாயி எதையோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவளைப் பார்த்தேன். முன்கட்டுக்குப் போய்விட்டாள்.

நீலாஞ்சனா கையிலிருந்த இட்லியைப் பிட்டாள். வாயருகே கொண்டுபோனவள் அப்படியே குலுங்கி அழ ஆரம்பித்தாள். ஊசி உள்ளே போய் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அழுவு. துன்னுக்கினே அழுவு” என்றேன்.

தின்றாள்.